சுண்டெலியிடம் "ஊது" என்று எப்படிச் சொல்வது?

நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்துகொண்டவர்களுக்கு அந்தக் குரல் மறக்காது. மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய். "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்..." என்று எதிரே நிற்கும் டெக்னீசியன் விரட்டுவார். தலை சுற்றும். "சரியா வரல, இன்னொரு தடவை" என்பார். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்ற இரண்டு எண்களுக்காகத்தான் இவ்வளவு பாடு. 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், தண்ணீரில் கவிழ்த்த மணி போன்ற ஒரு கருவியை வைத்து மூச்சை அளந்த காலத்திலிருந்து இன்றுவரை இதற்கு ஆள் ஒத்துழைத்தே ஆகவேண்டும்.

ஆஸ்துமாவுக்கும் நுரையீரல் தழும்பேறும் நோய்க்கும் வரும் புது மருந்துகளில் பெரும்பாலானவை மனிதனுக்கு முன்பு சுண்டெலிக்குத்தான் போகின்றன. அதன் எடை 25 கிராம். ஒரு மூச்சுக்கு அது இழுக்கும் காற்று 0.2 மில்லிலிட்டர், அதாவது நாலு சொட்டுத் தண்ணீரின் அளவு. நிமிடத்துக்கு இருநூறு முறைக்கு மேல் மூச்சு விடும். அதை வைத்துக்கொண்டு யாரிடம் "ஊது" என்பது?

முதலில் வந்தது பெட்டி. எலியைக் கண்ணாடிபோல் தெளிவான ஒரு மூடிய அறைக்குள் விட்டு, உள்ளே அழுத்தம் ஏறி இறங்குவதைப் பதிவுசெய்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எலி காற்றை இழுத்தால் பெட்டியின் அழுத்தம் மாறவே கூடாது. பெட்டியிலிருந்து போன காற்று எலியின் நெஞ்சில் இருக்கிறது, நெஞ்சு அந்த அளவு விரிந்திருக்கிறது, எலியும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கணக்கு சரியாகிவிட்டதே! பிறகு எங்கிருந்து அழுத்தம் மாறுகிறது? 25 டிகிரியில் இருந்த காற்று உடம்புக்குள் போனதும் 37 டிகிரிக்குச் சூடாகிறது, ஈரமும் ஏறுகிறது. சூட்டினால் மட்டுமே சுமார் 4 சதவீதம் விரியும். கருவி பார்ப்பது பெரும்பாலும் இந்த விரிவைத்தான். பெட்டிக்காற்றையே உடல் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கொண்டுவந்துவிட்டால் அந்தப் பங்கு மறைந்துபோகும்.

மூச்சின் அளவைக் கணக்கிட இது போதும். 1955இல் டிரார்பாவும் ஃபென்னும் இந்த முறையைப் பிறந்த குழந்தைகளுக்காக எழுதிவைத்தார்கள். அவர்களிடமும் "ஊது" என்று சொல்ல முடியாதல்லவா.

சிக்கல் பின்னால் வந்தது. 1997இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை, பெட்டியின் அழுத்த அலை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதிலிருந்து 'பென்-ஹெச்' என்ற எண்ணை எடுத்து, மூச்சுக்குழல் சுருங்கியிருப்பதை அது காட்டும் என்றது. மயக்க மருந்து வேண்டாம், அறுவை வேண்டாம், ஒரே நாளில் எலிகளை வரிசையாக அளந்துவிடலாம். ஆய்வுக்கூடங்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் காற்று போகும் வழியின் தடை என்றால் அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் வகுத்து வரவேண்டும், அதற்கு அலகு உண்டு. பென்-ஹெச்சுக்கு அலகே கிடையாது. மூச்சு விடும் தினுசு மாறினாலே அதுவும் மாறும். எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. மூக்கில் எரிச்சல் வந்தால்கூட எண் ஏறிவிடும், நுரையீரல் பாட்டுக்குச் சும்மா இருந்தாலும். 2004இல் இத்துறையின் மூத்த ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து கையெழுத்திட்டு, இந்த எண்ணை நம்பி மூச்சுக்குழல் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று எச்சரித்தார்கள். அதற்குள் ஏழு வருஷக் கட்டுரைகள் அச்சேறியிருந்தன. சுலபமாகக் கிடைக்கிற எண்ணுக்கு விஞ்ஞானிகளும் மயங்குவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நுரையீரலை மட்டும் அளக்கவேண்டுமென்றால் மூச்சு விடும் வேலையை எலியிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். எலியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்தில் சிறு கீறல் போட்டு, மூச்சுக்குழலில் ஓர் உலோகக் குழாயைச் செருகி, நூலால் இறுகக் கட்டுவார்கள். கணினி ஓட்டும் பிஸ்டன் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 150 முறை காற்றை உள்ளே தள்ளி எடுக்கும். பிறகு சில நொடிகளுக்கு அந்த மூச்சை நிறுத்திவிட்டு, பிஸ்டனை ஒரு நடுக்கம்போல் ஆட்டுவார்கள். அந்த நடுக்கத்தில் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்கள் கலந்திருக்கும், ஒன்றின் மடங்காக இன்னொன்று வராதபடி பொறுக்கி எடுத்தவை. பானை வாங்கும்போது தட்டிப்பார்த்து விரிசல் உண்டா என்று கண்டுபிடிப்போமே, கிட்டத்தட்ட அந்த வேலை. இங்கே காதுக்குப் பதில் அழுத்தமானி.

காற்று போகும் குழாயின் தடை, மெல்ல ஆட்டினாலும் வேகமாக ஆட்டினாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நுரையீரல் திசுவின் தடை அப்படி இல்லை. மெல்ல ஆட்டும்போது பெரிதாகவும் வேகம் ஏற ஏறச் சிறிதாகவும் தெரியும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, ஹங்கேரியின் செகெட் நகர ஆய்வாளர் சோல்டான் ஹாண்டோஷ் குழு 1992இல் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தது. அதில் பொருத்தினால் பெரிய குழாய்களின் தடை தனி, திசுவின் உரசல் தனி, திசுவின் விறைப்பு தனி என்று மூன்றும் பிரிந்துவரும்.

கைவேலைதான் இதில் பாதி. நூல் முடிச்சு தளர்ந்து துளி காற்று கசிந்தாலும் அளவு கெட்டுப்போகும். செருகிய குழாய்க்கும் சொந்தத் தடை உண்டு. எலியைக் கோப்பதற்கு முன்பே அதைத் திறந்தும் அடைத்தும் அளந்து கழித்துவிட வேண்டும். மயக்கம் லேசாகித் தெளிந்து, நடுக்கத்தின் நடுவே எலி தானாக ஒரு மூச்சை இழுத்துவிட்டால் தரவு சமன்பாட்டில் பொருந்தாது. அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுக்கவேண்டியதுதான்.

அதே கருவியால் நுரையீரலைப் படிப்படியாக ஊதி வரைபடம் எடுக்கலாம். பிளியோமைசின் கொடுத்துத் தழும்பேற்றிய நுரையீரல், புது பலூனைப்போல் முரண்டு பிடிக்கும். எலாஸ்டேஸ் என்ற நொதியால் சுவர்கள் சிதைந்த நுரையீரல், தொளதொளத்த பழைய ரப்பர் பேண்ட் மாதிரி லேசாக ஊதினாலே விரிந்துவிடும். "ஊது" என்பதற்கும் ஒரு வழி உண்டு: ஊதி நிரப்பிய நுரையீரலைச் சட்டென்று வெற்றிடத் தொட்டியோடு இணைத்தால் காற்று உறிஞ்சப்பட்டு வெளியே பாயும். மனிதனுக்கு ஒரு நொடிக் கணக்கு, எலிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

இப்படிப் பிரித்துப் பார்த்ததில் ஒரு பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. முட்டை வெள்ளைப் புரதமான ஒவால்புமினால் ஒவ்வாமை உண்டாக்கிய எலிக்கு, குழல் தசையைச் சுருக்கும் மெத்தாகோலினை ஆவியாகக் கொடுத்தால் மூச்சுத்தடை எகிறும். தசை மிகையாகச் சுருங்குகிறது, மனித ஆஸ்துமாவும் இதுதானே என்று தோன்றும். ஆனால் 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. தசை வழக்கமான அளவுக்கே சுருங்கியிருந்தது. வீங்கிய சுவரும் சளியும் சேர்ந்து கடைக்கோடிச் சிறு குழல்களை அடைத்திருந்தன. அடைபட்ட பகுதி கணக்கிலிருந்து விலகிவிட்டதால், மிச்சமிருந்த நுரையீரல் விறைப்பாகத் தெரிந்திருக்கிறது. தசையைத் தளர்த்தும் மருந்தையும் சளியைக் குறைக்கும் மருந்தையும் எடைபோடும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

இந்தச் சோதனை பெரும்பாலும் எலியின் சாவில்தான் முடியும். இன்று அளந்த எலியை அடுத்த வாரம் அளக்க முடியாது. ஆறு வார நோயை வாரம்தோறும் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு வாரத்துக்கும் வேறு எலிகள் வேண்டும். அதனால் பழைய பெட்டி இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்ற கேள்விகளுக்கு மட்டும். அதையும் எலி பெட்டியைச் சுற்றி மோந்து பார்த்து, முன்னங்காலால் முகம் கழுவி முடித்து, ஒரு மூலையில் சுருண்ட பிறகுதான் குறித்துக்கொள்கிறார்கள்.