திரைக்குள் சூரியக்கலம்: காப்புரிமை எதற்குக் கிடைக்கும்?

கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்குலேட்டரை எடுத்துப் பாருங்கள். எண்கள் தெரியும் திரைக்கு மேலே கருஞ்சிவப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அதுதான் சூரியக்கலம். வெயில்கூட வேண்டாம், ரியூப் லைற் வெளிச்சமே அதற்குப் போதும். அந்தத் திரை குடிக்கும் மின்சாரம் அவ்வளவு கொஞ்சம். இந்த வகைக் கல்குலேட்டர்கள் 1970களின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. அதனால் "திரையும் சூரியக்கலமும் சேர்ந்த கருவி" என்று இன்றைக்கு ஒருவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், அதை நிராகரிக்க இந்தக் கல்குலேட்டர் ஒன்றே காணும்.

சரி, பக்கத்தில் வைக்காமல் திரைக்குள்ளேயே கலத்தைப் புதைத்தால்? திருகோணமலை வெயிலில் வளர்ந்த எவருக்கும் வரக்கூடிய யோசனைதான். சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முந்தி நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும்; ஓகஸ்ட் கடைசியில் இன்னொருமுறை வரும். பக்கத்திலுள்ள சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடக்கிவைத்தார்கள். இவ்வளவு வெயில் இருக்க, கையிலிருக்கும் போன் மட்டும் ஏன் சுவரிலிருக்கும் பிளக்கைத் தேடி அலைய வேண்டும்?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும். அந்தத் துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு எளிதில் தோன்றாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவது இங்கே பிரச்சினையே இல்லை. (திரை தன் வெளிச்சத்திலேயே தன்னை முழுதாக ஓட்டிக்கொள்ளும் என்று எழுதினால் மட்டும் அதிலும் மாட்டிக்கொள்வீர்கள். ஆற்றல் காப்பு விதியை எந்தக் காப்புரிமையும் வளைக்காது.) முதலாவதில் பலர் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் "புதிது" என்றால் இலங்கைக்குப் புதிது என்பதல்ல, உலகத்துக்கே புதிது. உண்மையான சண்டை இரண்டாவதில்தான்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: தெரிந்த கருவிகளை அடுக்கி, அவை ஒவ்வொன்றும் தத்தம் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பு ஆகாது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டியில் இதற்குச் சொசேஜ் உதாரணம் ஒன்று உண்டு. இறைச்சி அரைக்கும் மெசினையும் அதைத் தோலுக்குள் அடைக்கும் மெசினையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வெறும் சேர்ப்புத்தான் என்கிறது அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கில் கார் மிதி ஒன்றில் மின்னணு உணரியைப் பொருத்தியதைப் பார்த்துவிட்டு ஏறக்குறைய இதையே சொன்னது: தெரிந்தவற்றைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலனே வந்தால் அது எளிதில் தோன்றக்கூடியது.

ஆக, திரையும் கலமும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிட வேண்டும். எங்கே தலையிடுகின்றன என்பதைப் பௌதிகம்தான் காட்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போன் திரையின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர சென்ரிமீற்றர். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 1000 வாட். அப்படியென்றால் திரையில் விழுவது 10 வாட். கூரைச் சோலார் தகடு போல 20 சதவீதத்தை மின்சாரமாக்கினால் 2 வாட் கிடைக்கும். ஆனால் கூரைத் தகடு கறுப்பு, அதன் வழியே எதையும் பார்க்க முடியாது. திரையின் மேல் வைக்கும் கலமோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிட்டு, புறஊதாவையும் அகச்சிவப்பையும் மட்டும் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒற்றைக் கலத்துக்குக் கோட்பாட்டு உச்சவரம்பே ஏறக்குறைய 21 சதவீதம்தான். நடைமுறையில் அதற்கு வெகு கீழே. 5 சதவீதம் என்று வைத்தால் அரை வாட். 5000 மில்லி அம்பியர்-மணி பற்றரியில் சுமார் 19 வாட்-மணி அடங்கும். உச்சி வெயிலே 38 மணித்தியாலம் வேண்டும்! அறைக்குள் வெளிச்சம் வெயிலைவிடப் பல நூறு மடங்கு குறைவு, அதைப் பேசவே தேவையில்லை. வெயிலில் வைத்தாலும் வேறொரு வில்லங்கம் இருக்கிறது: லிதியம் பற்றரியைப் பொதுவாக 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரை மணலில் சித்திரை வெயிலில் கிடக்கும் போன் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

ஒளியை வெளியே விட வேண்டும் என்கிறது திரை. ஒளியை விழுங்க வேண்டும் என்கிறது கலம். இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வழிக்குத்தான் காப்புரிமை.

அழகான வழி ஒன்றைப் பார்க்க, போன் திருத்தும் கடையில் பழுதான எல்சிடி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் படலத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்து, இரண்டாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒன்றை மட்டும் மெல்லத் திருப்பினால், 90 பாகையில் இரண்டும் சேர்ந்து ஒளியை அடைத்துவிடும். இதுதான் முனைவாக்கி. ஒரு திசையில் அதிரும் ஒளியை விடும், மற்றத் திசையில் அதிர்வதை விழுங்கும். எல்சிடிக்குப் பின்னாலுள்ள விளக்கிலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறையப் பாதியை முதல் முனைவாக்கியே விழுங்கி வெப்பமாக்குகிறது. நிற வடிகட்டி மிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். கண்ணுக்கு வருவது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது.

2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் யாங் யாங்கின் ஆய்வுக் குழு அந்த முனைவாக்கியையே சேதன (கார்பன் சேர்மங்களாலான) சூரியக்கலமாகச் செய்து காட்டியது. எப்படியும் விழுங்கப்படப் போகும் ஒளி, இப்போது வெப்பமாவதற்குப் பதிலாக ஓரளவு மின்சாரமாகிறது. வெளி வெளிச்சத்தையும் அது பிடிக்கும். இங்கே கலம் திரைமேல் ஏறிய பாரமல்ல, திரையின் ஓர் உறுப்பு. கலத்தை எடுத்துவிட்டால் படமே தெரியாது. கண்டுபிடிப்புப் படி என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அப்பிள் நிறுவனம் வேறொரு வழியில் போனது. 2008இல் விண்ணப்பித்து 2013இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில், விரல் தொடுகையை உணரும் மின்வாய்களே சூரிய மின்சாரத்தையும் சேகரிக்கின்றன. இரண்டு அடுக்கு செய்ய வேண்டியதை ஓர் அடுக்கு செய்கிறது. பிரான்ஸின் சன்பார்ட்னர் நிறுவனம் 2015இல் ஜப்பானின் கியோசெராவுடன் சேர்ந்து மாதிரிப் போன் ஒன்றைக் காட்டியது. கலம் கண்ணுக்குத் தெரியாதபடி திரைக்குள். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் 2017இல் வந்த நனோ எல்ஈடிக்கள் ஒளியைக் கொடுக்கவும் வாங்கவும் செய்தன. எல்ஈடியும் சூரியக்கலமும் அடிப்படையில் டயோட்டு என்ற ஒரே வகைக் குறைகடத்திக் கருவிதானே; ஒன்று மின்சாரத்தை ஒளியாக்கும், மற்றது ஒளியை மின்சாரமாக்கும்.

சந்தையில் கொஞ்சம் நிலைத்தது கைக்கடிகாரத்தில்தான். கார்மின் 2019இல் இறக்கிய ஃபீனிக்ஸ் 6எக்ஸ் புரோ சோலாரில், விழும் வெளிச்சத்தைத் தெறித்துக் காட்டும் திரைக்கு மேல் பாதி தெளிவான கலம் இருக்கிறது. அந்த வகைத் திரை வெயிலில் இன்னும் தெளிவாகும், மின்சாரமும் கொஞ்சம்தான் எடுக்கும். திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகும் படகுகளில், நண்பகல் வெயிலில் கையால் மறைத்துப் பார்க்கும் ஜிபிஎஸ் திரைக்கும் இந்த வழி பொருந்தும் என்பது என் எண்ணம். உப்புத் தண்ணீர் படிந்த கண்ணாடியிலும் ஒளி பிடிக்கும் கலம் என்று யோசித்தால், பேச இன்னும் நிறைய இடமிருக்கிறது.

காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் மட்டும் உள்ள ஒன்று இலங்கையில் தடை போடாது, அந்த வழியில் இங்கே செய்து இங்கேயே விற்கலாம். ஆனால் அதையே உங்கள் கண்டுபிடிப்பென்று கொழும்பில் பதியப் போனால், எங்கோ பிரசுரமான அந்த ஆவணம் உங்கள் புதுமையை அடித்துவிடும். பழைய காப்புரிமைகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள்.

அப்புறம், வாயை மூடி வைத்திருப்பது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்படியொரு திரையைச் செய்து கண்காட்சியில் வைத்தால், அதுவே பகிரங்கப்படுத்தல் ஆகிவிடும். விண்ணப்பதாரரே வெளியிட்டிருந்தால் இலங்கைச் சட்டம் ஒரு வருட அவகாசம் தருகிறது, அமெரிக்காவும் தருகிறது. ஐரோப்பாவில் சாதாரணமாக அந்தச் சலுகை இல்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அதே திகதியை முன்னுரிமையாகக் காட்டி மற்ற நாடுகளிலும் விண்ணப்பிக்கலாம். பேஸ்புக்கில் படம் போடுவதை அதுவரை தள்ளிவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.