டொமைன் வேற, ஹோஸ்டிங் வேற, ப்ளாக் வேற – தயவுசெஞ்சு தெரிஞ்சுக்கோங்க

அப்பாவோட ப்ளாக்கை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார், ஓப்பன் பண்ணா ரம்மி விளம்பரமா வருது, எப்படியாவது மீட்டுக் குடுங்கன்னு போன வாரம் ஒருத்தர் பேசினார். வெப்சைட் மெயின்டனன்ஸ் வேலை பாக்கற எல்லாருக்கும் இந்த மாதிரி கால் வரும், புதுசு இல்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே குழப்பம், அதே அழுகைங்கிறதால இந்த தடவை உக்காந்து எழுதிட்டேன்.

ஹேக் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பேசினவரோட அப்பா ரொம்ப வருஷமா ப்ளாக்ஸ்பாட்ல (கூகுளோட ப்ளாக்கர் சேவை குடுக்கற இலவச முகவரி) எழுதினவர், நடுவுல ஆசைப்பட்டு சொந்தமா ஒரு டாட் காம் எடுத்து ப்ளாக்கோட இணைச்சிருக்கார், அப்புறம் தவறிட்டார். ரினியூவல் மெயில் எல்லாம் அவரோட இன்பாக்ஸுக்கு வந்துட்டே இருந்திருக்கு, திறந்து பாக்க ஆள் இல்ல. டொமைன், அதாவது அந்த டாட் காம் பேர், காலாவதி ஆச்சு, எவனோ எடுத்து சூதாட்ட சைட்டுக்குத் திருப்பி விட்டுட்டான். வீட்ல எல்லாரும் அப்பா எழுதினது மொத்தமும் போச்சுன்னு மாசக்கணக்கா மனசு ஒடிஞ்சு கிடந்திருக்காங்க. ஆனா ஒரு பதிவு கூட போகல. எல்லாம் ப்ளாக்கர்ல அப்படியே இருந்துச்சு, கமெண்ட் உட்பட.

அப்ப ஏன் பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரி போட்டாலும் ரம்மி வருதுன்னு கேட்டார், நியாயமான கேள்வி. ப்ளாக்கர்ல சொந்த டொமைனை இணைச்சுட்டா, பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரிக்கு வர்றவங்களையும் கூகுள் தானாவே அந்தப் புது டொமைனுக்கு அனுப்பிடும். டொமைன் கைமாறினாலும், ப்ளாக்கர் செட்டிங்ஸ்ல அது இருக்கற வரைக்கும் வர்றவங்களை அங்கதான் திருப்பும். அப்பாவோட கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி, ப்ளாக்கர் செட்டிங்ஸ்ல கஸ்டம் டொமைனை எடுத்து விட்டா போதும், பழைய ப்ளாக்ஸ்பாட் முகவரி திரும்ப உயிரோட வந்துடும். நல்ல வேளை அப்பாவோட பழைய ஃபோன்ல அந்த அக்கவுண்ட் லாகின் ஆகியே இருந்துச்சு. அதுவும் இல்லாத குடும்பங்களைப் பாத்திருக்கேன், அவங்களுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடிஞ்சதில்ல.

எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான், எல்லாத்தையும் சேத்து "வெப்சைட்"னு ஒரே வார்த்தைல சொல்றது. "வெப்சைட்டுக்குப் பணம் கட்டிட்டேனே", "வெப்சைட் என் பேர்லதான் இருக்கு", "வெப்சைட்டை பேக்கப் எடுத்துட்டேன்". எதுக்குக் கட்டினீங்க, எது உங்க பேர்ல இருக்கு, எதை எடுத்தீங்க? கேட்டா எரிச்சலா பாக்கறாங்க. டாக்டர்கிட்ட போய் உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிட்டு எங்க வலிக்குதுன்னு சொல்ல மாட்டேன்னா அவர் என்னங்க பண்ணுவார்?

ஒரு தடவை பொறுமையா படிச்சுடுங்க. டொமைன்ங்கிறது பேர் மட்டும். உங்க பேர் டாட் காம், அவ்வளவுதான், அதுக்குள்ள உங்க எழுத்து ஒரு வரி கூட கிடையாது. அந்தப் பேரை உங்களுக்குப் பதிவு பண்ணிக் குடுக்கற கம்பெனி ரெஜிஸ்ட்ரார். ஹோஸ்டிங்ங்கிறது எழுத்தும் படமும் நிஜமா உக்காந்திருக்கற சர்வர் இடம், அதாவது எப்பவும் நெட்ல ஓடிட்டு இருக்கற கம்ப்யூட்டர்ல ஒரு இடம். அந்த எழுத்தை எழுதி, அடுக்கி, வெளியிட உதவுற சாஃப்ட்வேர்தான் ப்ளாக்கர், வேர்ட்பிரஸ் மாதிரியானதெல்லாம். ப்ளாக்கர்ல எழுதறவங்களுக்கு ஹோஸ்டிங் கூகுளே இலவசமா குடுக்குது, அதனால டொமைன் போனாலும் எழுத்து இருக்கும். வேர்ட்பிரஸ்லயே ரெண்டு இருக்கு: வேர்ட்பிரஸ் டாட் காம்ல அக்கவுண்ட் வெச்சிருந்தா இடம் அவங்களோடது, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்ல சாஃப்ட்வேரை எடுத்து சொந்த ஹோஸ்டிங்ல போட்டிருந்தா இடத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டியது நீங்க. அந்தப் பணம் நின்னா டொமைன் உங்ககிட்டயே இருந்தாலும் எழுத்து அழிஞ்சுடும். அதாவது அந்தக் குடும்பத்துக்கு நடந்ததுக்கு நேர் எதிர். ஹோஸ்டிங்குக்குக் கட்டிட்டேன்னா டொமைனுக்கும் கட்டின மாதிரின்னு நினைக்கறவங்க இன்னமும் இருக்காங்க. இல்லவே இல்ல. ரெண்டும் ரெண்டு பில், பல சமயம் ரெண்டு கம்பெனி, ரெண்டு வேற தேதி.

இன்னொண்ணு, டொமைனை யாரும் "வாங்க" முடியாது. டாட் காமை ஒரே நேரத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிவு பண்ண முடியும், அப்புறம் திரும்பக் கட்டணும். கட்டலைன்னா உடனே போயிடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரைக்கும் சாதாரண ரினியூவல் வாய்ப்பு இருக்கும், அதுக்கப்புறம் 30 நாள் ரிடெம்ப்ஷன்னு ஒரு கட்டம், அதுல மீட்கலாம் ஆனா அபராதம் சேத்து சாதாரண ரினியூவலை விட பல மடங்கு கேப்பாங்க, கடைசில 5 நாள், அதுல யாராலயும் எதுவும் பண்ண முடியாது, அப்புறம் யார் வேணா எடுத்துக்கலாம். சில ரெஜிஸ்ட்ரார்கள் அந்த முதல் கட்டத்துலயே ஏலத்துக்கு விட்டுடுவாங்க, அதனால 45 நாள் இருக்கேன்னு மெத்தனமா இருக்காதீங்க. பழைய ப்ளாக் டொமைன்னா வெளில இருந்து நிறைய லிங்க் இருக்கும், கூகுள்ல கொஞ்சம் மதிப்பு இருக்கும், அதுக்காகவே காத்துட்டு இருக்கற ஆளுங்க உண்டு. உங்க பேர் மேல அவங்களுக்கு ஒண்ணும் பிரியம் இல்ல.

பெரிய கம்பெனிக்கெல்லாம் இப்படி நடக்காதுன்னு நினைக்காதீங்க. 2012ல இருந்து இந்தியாவுல இருந்து ப்ளாக்ஸ்பாட் படிச்சவங்களை எல்லாம் கூகுள் ப்ளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பி விட்டுச்சு, ஜனங்களும் அந்த முகவரியையே காப்பி பண்ணி எல்லா இடத்துலயும் ஒட்டினாங்க. 2018ல அந்தத் திருப்பலை நிறுத்தினாங்க. 2020ல பாத்தா அந்த டொமைனே கூகுள் கையை விட்டுப் போய் வேற ஆள்கிட்ட இருந்துச்சு, டாட் இன்னு இருந்த லிங்க் அத்தனையும் செத்துப் போச்சு. தமிழ்மணம் மாதிரி திரட்டிகள் (பல ப்ளாக்கோட புதுப் பதிவுகளை ஒரே இடத்துல காட்டற தளங்கள்) ஓடின காலத்துல எழுதின எவ்வளவோ நல்ல கட்டுரைங்க இப்படித்தான் காணாம போன மாதிரி தெரியுது. நிஜத்துல முகவரில "இன்"னை எடுத்துட்டு "காம்"னு போட்டா நிறைய இன்னும் திறக்கும். உங்க பழைய பதிவுகளுக்குள்ள டாட் இன் லிங்க் இருந்தா மாத்திடுங்க, ப்ளீஸ்.

ஆட்டோ ரினியூ ஆன்ல இருக்கேன்னு சொல்றவங்களுக்குத் தனியா சொல்லணும். 2021 அக்டோபர்ல ரிசர்வ் வங்கியோட புது விதி வந்ததுக்கு அப்புறம், கார்டுல தானா பணம் எடுக்கறதுக்கு இ-மேண்டேட் (நீங்க முன்கூட்டி பதிவு பண்ணிக் குடுக்கற அனுமதி) வேணும், அதுக்கு ஏற்பாடு பண்ணாத வெளிநாட்டு கம்பெனிகளுக்கு உங்க கார்டுல இருந்து தானா பணம் போகாது. ஸ்க்ரீன்ல ஆட்டோ ரினியூ பச்சையா எரிஞ்சுட்டு இருக்கும், பேமெண்ட் பெயில் ஆகியிருக்கும். பழைய கார்டு எக்ஸ்பைரி ஆயிருந்தாலும் இதே கதைதான். அதனால பச்சையை நம்பாதீங்க, காலாவதி தேதியை மட்டும் நம்புங்க, ஃபோன் காலண்டர்ல ரெண்டு மாசம் முன்னாடியே ரிமைண்டர் போட்டு வைங்க.

டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்ச 5 நாளுக்குள்ள இன்னொண்ணுன்னு நினைவூட்டல் அனுப்பணும்னு, டொமைன் பேர்களை உலக அளவுல நிர்வகிக்கற ஐகான் (ICANN) அமைப்போட விதியே இருக்கு. அனுப்புவாங்க. எந்த மெயிலுக்கு? அங்கதான் விஷயமே. ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்ட்டுக்கு அதே டொமைன்ல இருக்கற மெயிலைக் குடுத்து வெச்சிருப்பாங்க, பாக்க கெத்தா இருக்கும்னு. டொமைன் நின்ன உடனே அந்த மெயிலும் நின்னுடும், பாஸ்வேர்ட் ரீசெட் வராது, உள்ளயே போக முடியாது. அதை விட மோசம், அந்த டொமைனை அப்புறம் எடுக்கறவன் அதே மெயில் முகவரியை உருவாக்கி உங்க மத்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்ட் ரீசெட் மெயிலை எல்லாம் வாங்கிக்கலாம். ரெஜிஸ்ட்ராருக்கு எப்பவும் ஜிமெயில் மாதிரி தனி மெயில் குடுங்க. இதுல விவாதமே கிடையாது.

அப்புறம், டிசைனர் பையன் எல்லாம் பாத்துக்கறான்னு விடறது. பையன் நல்லவனாவே இருக்கட்டும், அவன் அக்கவுண்ட்ல, அவன் பேர்ல பதிவான டொமைன் உங்களோடது இல்ல. அவன் வேலை மாறினாலோ ஃபோன் நம்பர் மாத்தினாலோ நீங்க நடுத்தெருவுல. டாட் காமுக்கு யுடிஆர்பி, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பின்னு தகராறு தீர்க்கற வழி இருக்கு, ஆனா அது ட்ரேட்மார்க் உரிமை இருக்கறவங்களுக்கானது, வைப்போல (WIPO, உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரு டொமைனுக்கு ஒரே நடுவர் வெச்சு கேஸ் போடவே 1500 டாலர் கட்டணம். கவிதை ப்ளாக் வெச்சிருக்கறவங்க அங்க போய் நிக்க முடியுமா? அதனால அக்கவுண்ட் உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க ஃபோன்ல இருக்கட்டும், வேலை செய்யறவங்களுக்குத் தேவையான அனுமதி மட்டும் குடுங்க.

பேக்கப் விஷயம் இதை விடக் கொடுமை. ப்ளாக்கர்ல தீம் பக்கத்துல ஒரு பேக்கப் பட்டன் இருக்கு, அதை அமுக்கினா ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இறங்கும். நிறைய பேர் அதை பத்திரமா பென்டிரைவ்ல போட்டு, மொத்த ப்ளாக்கும் கைல இருக்குன்னு நிம்மதியா தூங்கறாங்க. அது வெறும் டெம்ப்ளேட்ங்க! கலர், டிசைன், விட்ஜெட் எங்க இருக்கணும்ங்கிறது, அவ்வளவுதான், உங்க எழுத்து அதுல ஒரு வரி கிடையாது. பதிவுகளை எடுக்க செட்டிங்ஸ்ல பேக்கப் கன்டென்ட்னு தனியா இருக்கு, இல்லைன்னா கூகுள் டேக்அவுட்ல (கூகுள்ல இருக்கற உங்க டேட்டாவை இறக்கிக்கற சேவை) ப்ளாக்கரைத் தேர்ந்தெடுத்து எடுக்கலாம். இறக்கின ஃபைலை நோட்பேட்ல திறந்து, உங்க பதிவுல இருந்து ஏதாவது ஒரு தமிழ் வார்த்தையைத் தேடிப் பாருங்க. கிடைச்சாதான் அது பேக்கப். அந்தப் பதிவு ஃபைலுக்குள்ளயும் படம் இருக்காது, படத்தோட முகவரி மட்டும்தான் இருக்கும், முக்கியமான படங்களைத் தனியா சேமிச்சு வைங்க. சொந்த ஹோஸ்டிங்ல வேர்ட்பிரஸ்னா எழுத்து இருக்கற டேட்டாபேஸ் ஒண்ணு, படம் இருக்கற அப்லோட்ஸ் ஃபோல்டர் ஒண்ணு, ரெண்டும் வேணும், ரெண்டும் அதே சர்வர்லயே கிடந்தா பிரயோஜனம் இல்ல.

வேர்ட்பிரஸ்ல தமிழ்ல தலைப்பு வெக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம், பெர்மாலிங்க்கை (அந்தப் பதிவோட நிரந்தர முகவரி) நீங்களே சுருக்கமா இங்கிலீஷ் எழுத்துல போட்டுடுங்க. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள 9 எழுத்தா மாறும், மொத்த இடமே 200தான், அதனால இருபத்திரண்டு குறி தாண்டினதும் லிங்க் பாதில வெட்டுப்படும். ஒரு தடவை வெளியிட்டதுக்கு அப்புறம் அதை மாத்தாதீங்க, மாத்தினா பழைய லிங்க்ல வர்றவங்களைப் புதுசுக்குத் திருப்பி விடற மாதிரி ரீடைரக்ட் போடுங்க.

அப்பா, அம்மா, தாத்தா யாராவது ப்ளாக் எழுதறாங்கன்னா இந்த ஞாயித்துக்கிழமை அவங்க பக்கத்துல உக்காருங்க. டொமைன் இருக்கா, எந்த ரெஜிஸ்ட்ரார், எந்த மெயில், எப்ப காலாவதி, ஹோஸ்டிங் எங்க, ப்ளாக் லாகின் எது. ஒரு நோட்டுல அவங்க கையாலயே எழுதி வாங்குங்க. கூகுள் அக்கவுண்ட்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, அக்கவுண்ட் ரொம்ப நாள் பயன்படுத்தாம இருந்தா யாருக்குத் தகவல் போகணும், எதை எல்லாம் குடுக்கலாம்னு அவங்களே முன்கூட்டி சொல்லி வெக்கலாம். சாவைப் பத்திப் பேசறாப்புல இருக்குன்னு தயங்குவீங்க, தெரியும். பரவால்ல, பேசுங்க. முக்கியமான பதிவுகளோட முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்லயும் (வெப் பக்கங்களை நகல் எடுத்து சேத்து வெக்கற தளம்) போட்டு சேவ் பண்ணிடுங்க, காசு கிடையாது.

இதெல்லாம் பண்ணப் போறப்ப ஒரு எச்சரிக்கை. டொமைன் வெச்சிருக்கறவங்களுக்கு "உங்க டொமைன் எஸ்இஓ சேவை முடியப் போகுது, உடனே கட்டுங்க"ன்னு (எஸ்இஓன்னா கூகுள் தேடல்ல மேல வர வைக்கற வேலை) பில் மாதிரியே மெயில் வரும், பயந்து போய் பெரியவங்க கட்டிடறாங்க. அது ரினியூவலே இல்ல, அந்தக் காசுக்கு உங்க டொமைன் ஒரு நாள் கூட நீடிக்காது. மெயில்ல இருக்கற லிங்க்கைத் தொடாதீங்க, உங்க ரெஜிஸ்ட்ரார் சைட்டை நீங்களே டைப் பண்ணி உள்ள போய் தேதியைப் பாருங்க, அங்க கட்டச் சொன்னா மட்டும் கட்டுங்க.