சைரனுக்குப் பனி வழிவிடாது

போன ஜனவரியில் ஒரு மாலை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரோண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தேன். காலையிலிருந்து பெய்த பனி, கார்கள் ஏறி ஏறி மிதித்ததில் மெழுகு பூசிய பலகை போல இறுகிக் கிடந்தது. பின்னால் சைரன் கேட்டது. வழிவிடலாம் என்று ஓரம் கட்டினேன். பனியை வாரி ஒதுக்கிய மேட்டில் முன்சக்கரம் ஏறிச் சிக்கிக்கொண்டது. என்னைக் கடந்து போன போலீஸ் காரின் வேகத்துக்கு ஒரு சைக்கிள்காரர் ஈடுகொடுத்திருப்பார். சந்திப்புக்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைத்து, ஏறக்குறைய நின்று, இருபுறமும் பார்த்து, மெல்லத் திரும்பிப் போனது. சக்கரம் ஒருமுறைகூட வழுக்கிச் சுழலவில்லை.

“யாருக்கு உயிர் போகிற அவசரமோ, இவர் தேர் இழுக்கிற மாதிரிப் போகிறாரே” என்றார் பக்கத்தில் இருந்த மாமி. எனக்கோ, நான் பார்த்ததிலேயே மிகத் தேர்ந்த கார் ஓட்டம் அதுதான் என்று பட்டது. ஏன் என்று சொல்ல டயருக்கு அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள போலீஸ் கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் விரித்த உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பரப்பு. ஓடுவது, நிற்பது, திரும்புவது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகள் சாலையைப் பற்றும் வலுவில்தான் நடக்கின்றன. அந்தப் பிடிப்பை உராய்வுக் கெழு என்ற எண்ணால் அளக்கிறார்கள். உலர்ந்த தாரில் அது 0.8 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.25 அளவுக்கு இறங்கும். வழவழப்பான பனிக்கட்டியில் 0.1தான்.

மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், பிரேக் பிடிக்கத் தொடங்கிய இடத்திலிருந்து உலர்ந்த சாலையில் சுமார் 18 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதற்கு 57 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 140 மீட்டருக்கும் மேல். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு வினாடியில் கார் ஓடிவிடும் 17 மீட்டரை இதில் சேர்க்கவில்லை. வளைவிலும் இதே கதைதான். 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை உலர்ந்த நாளில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கிப் பிடிக்கும் டயர், பனிக்கட்டியில் 36ஐத் தாண்டினாலே விட்டுவிடும். கார் கனமானதாயிற்றே, சாலையை நன்றாக அழுத்திப் பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. எடை கூடினால் பிடிப்பு கூடும், உண்மைதான். ஆனால் நிறுத்த வேண்டிய உந்தமும் அதே அளவுக்குக் கூடிவிடுகிறது. கணக்கில் எடை அடிபட்டுப் போய், வேகம் மட்டுமே மிஞ்சுகிறது, அதுவும் வர்க்கமாக. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால் பங்காகும்.

பனிக்கட்டியில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அதன் மேற்பரப்பு, உறைநிலைக்குக் கீழேயும், நீர் போன்ற மிக மெல்லிய படலத்தைப் போர்த்தியிருக்கிறது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1850ஆம் ஆண்டிலேயே இதை ஊகித்துச் சொன்னார். குளிர் கடுமையானால் படலம் மெலிந்து பனிக்கட்டி சற்றுச் சொரசொரப்பாகும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வழுக்கல் கூடும். மைனஸ் 20ஐவிட மைனஸ் 1தான் சாலையில் பொல்லாதது. பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் மற்றச் சாலைகளுக்கு முன்பே உறைந்துவிடும். பகலில் ஈரமாகக் கிடந்த பாலம் மாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி ஏந்தி நிற்கும். பழகிய போலீஸ்காரர்கள் பாலம் வருவதற்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது இதனால்தான்.

அவர்கள் ஓட்டும் வண்டியும் மாறியிருக்கிறது. வட அமெரிக்கப் போலீஸ் என்றாலே பல ஆண்டுகள் ஃபோர்டு கிரவுன் விக்டோரியாதான். ஒன்டாரியோவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 வரை தயாரான அந்தக் கார் பின்சக்கரத்தால் ஓடியது. எஞ்சின் முன்னே, உந்தும் சக்கரங்கள் பின்னே. பனியில் பின்புறம் அலைபாயும் என்பதால் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றி ஓட்டியவர்கள் உண்டு. அதற்குப் பின் நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிகள் வந்தன. பனிமேட்டிலிருந்து கிளம்ப இவை பெரும் உதவி. ஆனால் நிறுத்துவதில் கடுகளவு உதவியும் இல்லை; பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களில்தான் இருக்கிறது. சுலபமாகக் கிளம்பிவிட்டதால் சாலை நன்றாகத்தான் இருக்கிறது என்று மனம் நம்பிவிடுவதுதான் இந்த வண்டியில் உள்ள ஆபத்து.

டயர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் இறங்கிப் பற்றாது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும். சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியது போன்ற நூற்றுக்கணக்கான வெட்டுகள் பனியைக் கவ்விக்கொள்ளும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி ஓட்டுபவரின் பங்குக்கு வருவோம். கையில் நூறு ரூபாய் இருக்கிறது என்று வையுங்கள். பிரேக்குக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் ஒன்றுமில்லை. டயரின் பிடிப்பும் அப்படித்தான் (கணக்கு இத்தனை நேர்க் கூட்டல் இல்லை என்றாலும் போக்கு இதுதான்). பனிக்கட்டியில் அந்த நூறு, பன்னிரண்டு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. அதில் ஒரே நேரத்தில் இரண்டு செலவு செய்ய முடியாது. நேராகப் போகும்போதே பிரேக், பிறகு திருப்பம், திரும்பி முடித்த பின்னரே ஆக்ஸிலரேட்டர். அந்த மாலை நான் பார்த்தது இந்த வரிசையைத்தான்.

இதைப் பழக்குவதற்கென்றே களங்கள் இருக்கின்றன. லண்டன் போலீஸ் 1930களில் ஹெண்டனில் தொடங்கிய ஓட்டுநர் பள்ளியில், வழுக்குவதற்கென்றே அமைத்த தளத்தில் காரைச் சறுக்கவிட்டுப் பயிற்றுவித்தார்கள். இன்றைய போலீஸ் பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் வேறொரு கருவி உண்டு. காரைச் சுற்றி ஓர் இரும்புச் சட்டம், அதன் மூலைகளில் சிறு உருளைச் சக்கரங்கள். பக்கத்தில் அமர்ந்த பயிற்சியாளர் கையிலுள்ள பொத்தானை அழுத்தினால், ஹைட்ராலிக் விசை காரின் முன்புறத்தையோ பின்புறத்தையோ சற்றுத் தூக்கும். டயரின் மேல் பாரம் குறையும், பிடிப்பும் குறையும். கோடை வெயிலில், காய்ந்த மைதானத்தில், மிகக் குறைந்த வேகத்தில், கார் பனிக்கட்டியில் போவது போலச் சுழலும். பின்புறம் வலப்பக்கம் போனால் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். காலைப் பெடல்களிலிருந்து எடு. மோதப்போகும் மரத்தைப் பார்க்காதே, போக வேண்டிய வழியைப் பார். கண் போகும் பக்கம் கை போகும். கை தானாகச் செய்யும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

இத்தனை பயிற்சியும் விபத்தைக் குறைத்ததா? நார்வேயிலிருந்து வந்த பதில் எல்லோரையும் திடுக்கிடவைத்தது. அங்கே 1979இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச்சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 1980களில் ஆராய்ந்தபோது, அப்பயிற்சி பெற்ற இளம் ஆண்களின் விபத்துகள் வழுக்கும் சாலைகளில் கூடியிருந்தன. சறுக்கினால் சமாளித்துவிடுவேன் என்ற தைரியம் வேகமாக மாறியிருந்தது. அதன்பின் பாடத்தின் நோக்கத்தையே மாற்றினார்கள்: சறுக்கலை வெல்லக் கற்றுக்கொடுப்பதைவிட, எவ்வளவு எளிதாகத் தோற்கிறோம் என்று காட்டுவது. நல்ல போலீஸ் பயிற்சியும் இந்தப் பக்கமே சாய்கிறது. சறுக்கலைச் சமாளித்த வீரத்தைவிட, சறுக்கல் வராமல் ஓட்டிய நிதானத்துக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

போலீஸ்காரருக்கு நமக்கில்லாத சுமைகளும் உண்டு. ரேடியோவில் குரல், பக்கத்தில் கணினித் திரை, உடம்பில் அட்ரினலின். பதற்றத்தில் பார்வை குறுகும், கால் அழுத்தும். புதுப்பனி ஒலியை உறிஞ்சுவதால் சைரன் வழக்கமான தூரத்துக்குக் கேட்காது. எல்.இ.டி. விளக்கின் முகப்பு பழைய பல்புகளைப் போலச் சூடாவதில்லை. மேலே படியும் பனி உருகாமல் ஒளியை மூடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சைரன் மற்றவர்களை விலகச் சொல்கிறது. விலகுவதற்கு அவர்களுக்கும் பிடிப்பு வேண்டுமே! என் கார் மேட்டில் ஏறிச் சிக்கியது போல, திடுக்கிட்டுப் பிரேக்கை மிதிப்பவரின் கார் குறுக்கே வந்து நிற்கும். பனியில் வேகமாக வரும் போலீஸ் கார், தன் திறமையை மட்டுமல்ல, வழியிலுள்ள ஒவ்வொருவரின் திறமையையும் நம்பித்தான் வருகிறது.

சில நாட்களில் எந்தத் திறமையும் போதாது. 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டி, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவைப் பனிப்புயல் தாக்கியபோது போலீஸ் கார்களும் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தெருக்களில் புதைந்து நின்றன. அந்தப் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன, போவதற்கு வழியில்லை.

ஒன்டாரியோவில் புயல் முற்றும்போது மாகாணப் போலீஸ் நெடுஞ்சாலையையே மூடிவிடும். ஹியூரான் ஏரியின் மேலிருந்து பனி திரண்டு வந்த ஒரு நாள், அப்படி மூடிய நுழைவுப் பாதை ஒன்றில் நானும் திருப்பி அனுப்பப்பட்டேன். பாதையை மறித்துக் குறுக்கே ஒரு போலீஸ் கார் நின்றது. அதன் கூரை விளக்கைப் பனி மூட மூட, அந்த அதிகாரி வெளியே இறங்கி நீண்ட பிரஷால் தள்ளிவிட்டு, மீண்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.