கதை தெரிந்தால் புத்தகம் படித்ததாகிவிடுமா?

மும்பை செம்பூரில் ஒரு பள்ளியின் நூலகராக இருக்கிறேன். போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் ‘கலிவரின் பயணங்கள்’ முழுப் பதிப்பைக் கொடுத்தேன். “இது படித்தாகிவிட்டது மிஸ், கதை தெரியும்” என்று திருப்பித் தந்துவிட்டாள். அவள் படித்தது மெலிந்த சுருக்கம். பக்கத்துக்குப் பாதி படம். மாலையில் வந்த அவளுடைய அப்பா, “கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் செட்டாக வாங்கிப் போட்டேன் மேடம், உலக இலக்கியமே முடித்துவிட்டாள்” என்று பெருமைப்பட்டார். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

1726இல் வந்த அந்த நூலில் பயணங்கள் நான்கு. சிறுவர் சுருக்கங்களில் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும். அதைக்கூட விடுங்கள். குள்ளர் நாட்டில் கலிவரின் சட்டைப்பையைச் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு அதிகாரிகள் உள்ளே இறங்கி, கண்ட பொருள்களை அரசருக்குப் பட்டியல் எழுதித் தருகிறார்கள். கடிகாரம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. நீராலைபோல ஓயாமல் இரைகிறது. ஏதோ விலங்காக இருக்கலாம், அல்லது இவன் கும்பிடும் சாமியாக இருக்கலாம். இதைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்கிறானே, அப்படியானால் சாமிதான்! இதை உரக்க வாசித்தால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். “எங்கள் அம்மாவுக்கு மொபைல்தான் மிஸ் சாமி” என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். எங்கள் அலமாரியில் உள்ள சுருக்கத்தில் இந்த இடம், ‘அவருடைய பைகளைச் சோதித்தார்கள்’ என்ற ஒரே வரியாக இருக்கிறது. கதை அப்படியே இருக்கிறது, சிரிப்பைக் காணோம்.

“வளர்ந்ததும் முழுசாகப் படிப்பாள்” என்பார்கள். படிப்பதில்லை. முடிவு தெரிந்துவிட்டது, படித்தாகிவிட்டது என்ற எண்ணமும் ஊறிவிட்டது. அப்புறம் எதற்குத் தொடப்போகிறாள்? எங்கள் இரவல் பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்.

திரும்பச் சொல்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. ராஜாஜி மகாபாரதத்தைச் சொன்னார். லாம் உடன்பிறப்புகள் 1807இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கதையாக்கினார்கள். அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைக்குச் சுருக்கம் கைகொடுக்கும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். மற்றவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘அப்ரிட்ஜ்ட்’, ‘ரீடோல்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்து, சுருக்கியவர் பெயரே இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பெரிய நூலுக்கு வயது வரவில்லையா, காத்திருங்கள். அதுவரை முழுசாகவே சிறியவை எத்தனையோ உண்டு: ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’, ஆஸ்கர் வைல்டின் ‘மகிழ்ச்சியான இளவரசன்’.

கடைசியாக, தமிழ்ப் பெற்றோர் சுருக்கம் தேடும் ‘பொன்னியின் செல்வ’னுக்கு வருகிறேன். பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்ட வராது. மும்பையில் பாதி வீடுகளில் இதே நிலைதான். அதற்காக ஆங்கிலச் சுருக்கம் தேடி அலையாதீர்கள். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே! 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம் என்று வாசிக்க வாகானது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அங்கிருந்து தொடங்குங்கள். வருணனை நீள்கிறது என்று தோன்றினால் இரண்டு பத்தியைத் தாண்டிப் போங்கள், தப்பில்லை. புத்தகம் முழுசாக வீட்டில் இருக்கிறது. புரியாத சொல் வந்தால் பிள்ளையே கேட்கட்டும். கேட்காவிட்டால் விளக்க வேண்டாம், மேலே வாசியுங்கள்.