பழைய பிரேக் பேடு எங்கே? கார் ஷோரூம் ஏமாற்றினால் வேலூரில் என்ன செய்யலாம்

போன வருடம் என் காரை சர்வீஸுக்கு விட்டேன். நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி பளபளக்கும் ஷோரூம், பின்னால் ஒர்க்‌ஷாப். பில் 14,600 ரூபாய். அதில் ஒரு வரி: முன்பக்க பிரேக் பேடு மாற்றியது. இரண்டு மாதம் முன்புதான் ஆற்காட்டில் எங்கள் பழைய மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பேடைப் பார்த்து, "இன்னும் பத்தாயிரம் ஓடும்ணே" என்று சொல்லி, அடையாளத்துக்குப் பின்தகட்டில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். சரி, மாற்றிவிட்டார்களே என்று பழைய பேடைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்." நேராக ஆற்காடு போய் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

மெக்கானிக் கழற்றிக் காட்டியதைத் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து ஷோரூமுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பணம் திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால் என்ன செய்திருக்கலாம் என்பதுதான் இனி சொல்லப் போவது.

கையில் இருக்கும் சட்டம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்குவது, பில் தர மறுப்பது, பழைய வண்டியைப் புதிது என்று விற்பது எல்லாம் அந்தச் சட்டத்தின்படி 'நியாயமற்ற வணிக நடைமுறை'. செய்ய வேண்டிய வேலையை அரைகுறையாகச் செய்தால் 'சேவைக் குறைபாடு'. இரண்டுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம்.

வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம். குடியாத்தத்துக்காரர் வேலூர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், எதிர்த்தரப்புதான் இங்கே வர வேண்டும்.

'டாக்சி ஓட்டுபவர் வியாபாரிதானே, அவருக்கு இது பொருந்தாது' என்று சிலர் பயமுறுத்துவார்கள். காட்பாடி ஜங்ஷனிலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஒருவர், ஒரே ஒரு வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறார் என்றால் அவரும் நுகர்வோர்தான். சுயதொழில் பிழைப்புக்கு வாங்கியதைச் சட்டம் விலக்கவில்லை. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டும் கம்பெனிக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது வண்டி வாங்கும் நாளுக்கு வருவோம். ஏமாற்று பெரும்பாலும் 'ஆன் ரோடு' (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த) விலைச் சீட்டில்தான் ஒளிந்திருக்கும். மொத்தத் தொகையைப் பார்த்துத் தலையாட்டாமல் வரி வரியாக எழுதி வாங்குங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 81-இன்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், வங்கிக் கடனைப் பதிய 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுட்கால சாலை வரி வண்டி விலையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். இவற்றைத் தாண்டி 'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'ஆர்டிஓ செலவு' என்று ஐயாயிரம், பத்தாயிரம் எழுதியிருந்தால் எந்த விதியின் கீழ் என்று கேளுங்கள். அரசுக் கட்டணப் பட்டியலில் அப்படி ஒரு இனமே இல்லை. கேட்டவுடன் குறைப்பவர்களும் உண்டு.

இன்சூரன்ஸும் அப்படித்தான். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். எந்த நிறுவனத்தில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம், ஷோரூம் கட்டாயப்படுத்த முடியாது. "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடையாது சார்" என்பதை நம்பிவிட வேண்டாம். கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டுவது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது. பழைய காரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 50 சதவீதம் வரை புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதையும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆயுதபூஜைக்குள் வண்டி வேண்டும், ரத்தினகிரி கோயிலில் பூஜை போட வேண்டும் என்ற அவசரத்தில் பதிவு ஆகாமலே வண்டியை எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு செய்யாமல் டீலர் வண்டியை ஒப்படைக்கவே கூடாது என்கிறது விதி 42. மீறினால் புகார் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போக வேண்டும், வேலூர் என்றால் டிஎன் 23 அலுவலகம்.

வண்டி எப்போது தயாரானது என்பதையும் அன்றே பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே படித்து அதோடு ஒப்பிடுங்கள். கோவாவில் ஒருவருக்கு 2009-இல் தயாரான காரை 2011-இல் புதிது என்று விற்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் வந்த தீர்ப்பில், டீலர் செய்த ஏமாற்றுக்குத் தயாரிப்பாளர் மேல் தானாகப் பொறுப்பு விழாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புகாரில் டீலரைக் கண்டிப்பாக எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். தயாரிப்பிலேயே குறை என்றால் கம்பெனியையும் சேர்த்துவிடுங்கள்.

தயாரிப்புக் குறை வழக்கு கொஞ்சம் கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பாகம் கெட்டதற்காக முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டியதில்லை, வாரண்டியில் சொன்னபடி அந்தப் பாகத்தை மாற்றினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லியிருக்கிறது. இன்ஜினிலேயே பிறவிக் கோளாறு என்பவர் நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டும். ஒரே கோளாறுக்கு ஐந்து முறை வண்டி விட்டீர்களா? ஐந்து ஜாப் கார்டும் (வண்டியை விடும்போது கோளாறுகளை எழுதித் தரும் சீட்டு) இருந்தால் அதுவே பாதி சாட்சி. வாயால் சொன்ன கோளாறு எதுவும் கணக்கில் வராது. ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்க வேண்டும். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும் என்று அதிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அட்வைசர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

வழக்குக்கு முன்னால் ஒரு படி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், காசு இல்லை. அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. ஆனாலும் சின்னத் தொகை நிறைய இங்கேயே முடிந்துவிடும். அதில் நடக்கவில்லை என்றால் ஷோரூமுக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், 15 நாள் கெடு. அப்புறம் ஆணையம்.

கட்டணத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. கணக்கு கொடுத்த விலையை வைத்துத்தான், கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை. என் சர்வீஸ் பில்லுக்கு வழக்குப் போட்டிருந்தால் ஒரு பைசா கட்டியிருக்க வேண்டாம். 50 லட்சத்துக்கு மேல் இரண்டு கோடி வரை விலை கொடுத்தவர்கள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

வக்கீல் கட்டாயமில்லை. என்ன நடந்தது, எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்று தேதி வரிசையில் எழுதி, பில், ஜாப் கார்டு, மின்னஞ்சல் நகல்களை இணைத்து, உறுதிமொழிப் பத்திரத்தோடு தாருங்கள். இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தாக்களுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். தோற்ற ஷோரூம் மேல்முறையீடு போனால், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

ஒன்று விட்டுப்போனது. வண்டியை எடுக்கும்போது கேட் பாஸோடு ஒரு தாளை நீட்டுவார்கள், 'வேலை முழுத் திருப்தி' என்று அச்சடித்திருக்கும். அவசரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு ஆணையத்தில் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். இந்த முறை நான் 'பாகங்களைச் சரிபார்க்கவில்லை' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். கேட்டில் இருந்த பையன் படித்துப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடப் போனான்.