நெருக்கடியில் கல்விச் செலவு யார் தலையில் விழுகிறது?

இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியிருந்த 2022இல் மலையகப் பாடசாலை ஒன்றில் பொருளியல் படிப்பித்தேன். அந்த ஆண்டு மாணவர்களின் கொப்பிகளைப் பார்த்தாலே வீட்டு நிலைமை புரிந்துவிடும். முன்பக்கத்திலிருந்து பொருளியல், பின்பக்கத்திலிருந்து கணக்கீடு, நடுவில் கிடைத்த இடத்தில் தமிழ்.

இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசே தருகிறது. ஆனால் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு, டியூஷன் எல்லாம் பெரும்பாலும் பெற்றோர் பாடு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். விலைவாசி இப்படி ஏறும்போது கல்விக்கான ஒதுக்கீடு கூடாமல் அப்படியே இருந்தாலே அது வெட்டுத்தான். அதிலும் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்குப் போய்விடும். அதில் கைவைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அப்புறம் மிஞ்சுவதில்தான் மதிய உணவு, ஆய்வுகூடம், கட்டடத் திருத்தம் எல்லாம். வெட்டு விழுவது அங்கேதான்.

அரசு விட்ட இடத்தைக் காசுள்ள வீடு டியூஷனால் நிரப்பிக்கொள்ளும். எரிபொருள் இல்லாமல் ஜூன், ஜூலையில் பாடசாலைகள் மூடியபோது நகரத்துப் பிள்ளை ஸூமில் படித்தது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான்.

"சேர், பெரியவனுக்குக் கொழும்புல கடை வேலை ஒன்னு சரியாகியிருக்கு. விடுகைப் பத்திரம் தாங்க" என்று ஒரு தகப்பன் வந்து நின்றார். பதினோராம் வகுப்பு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை எழுதாதவனுக்கு அரசாங்க வேலையும் நல்ல தொழிற்பயிற்சியும் எட்டாது. உலக வங்கிக் கணிப்பில் வறுமை 2021இல் 13.1 வீதமாக இருந்து 2022இல் 25 வீதமானது. பொருளாதாரம் மீண்டால் அந்த எண் இறங்கலாம். படிப்பை விட்டவனின் சம்பளமோ பத்து வருஷம் கழித்தும் பின்தங்கியே இருக்கும்.

அதனால் கல்விச் செலவைக் கூட்டச் சொன்னால் மட்டும் போதாது. நெருக்கடிக் காலத்தில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஏழைப் பாடசாலையின் மதிய உணவு, கொப்பி, பஸ் காசு. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதும் அவசியம்தான், ஆனால் சாதாரண தரத்தையே தாண்டாத பிள்ளைக்கு அந்தப் பணம் போய்ச் சேராது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் இந்த வரிசையில் செலவு செய்யலாம். பாடசாலை கேட்கும் வசதிக் கட்டணத்தைக் கட்ட முடியாதவரிடம் வற்புறுத்தாதீர்கள். ஒரு பிள்ளை தொடர்ந்து நாலைந்து நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். விடுகைப் பத்திரம் கேட்டு வரும்போது கடை வேலை பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.