ப்ரைமர் வாங்கும் முன் உங்கள் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்

மேக்கப்புக்கு அடித்தளமாக முதலில் பூசுகிற ப்ரைமரால் கெட்ட முகங்களில், இந்த வைகாசியில் மட்டும் இது நாலாவது. திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபம், காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மணப்பெண்ணை அலங்கரிக்க மூன்று மணிக்கே போய்விட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். எனக்கு வேலை குறையட்டும் என்று நல்ல மனசோடு ப்ரைமரைத் தானே பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவும் மூன்று தடவை.

"என் மூஞ்சி எண்ணெய் வழியிற மூஞ்சிக்கா. அதான் பளபளப்ப அடக்குற மேட் ப்ரைமரா பாத்து வாங்கினேன். க்ரீம் எதுவும் போடல, பயப்படாதீங்க."

அதன் மேல், முக நிறத்தைச் சமமாக்கும் ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்சால் ஒற்றினேன். கன்னத்தில் அழிரப்பர் தூள் மாதிரி திரிதிரியாக உருண்டு வந்தது. மூக்கோரத்தில் தோல் செதில் செதிலாக எழும்பி நின்றது. எல்லாவற்றையும் துடைத்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க முக்கால் மணி நேரம் போனது. கதவுக்கு வெளியே அவளுடைய அத்தை, "இன்னுமா முடியல? மாப்பிள்ளை வீட்டுக்காரக வந்துட்டாக" என்று தட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. கல்யாணத்தன்று ஒரு பெண் ப்ரைமரால் அழக் கூடாது.

பதினோரு வருஷமாக மதுரையிலும் சுற்று ஊர்களிலும் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். இதே வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. "என்னுது ஆயிலி ஸ்கின், அதனால மாய்ஸ்சரைசர் வேண்டாம், மேட் ப்ரைமர் போதும்." இந்த ஒரு நம்பிக்கைதான் பாதி முகங்களைக் கெடுக்கிறது.

முகம் பளபளப்பதெல்லாம் எண்ணெய் இல்லை. சித்திரைத் தேரைப் பார்க்க மாசி வீதியில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் யார் முகம்தான் பளபளக்காது? அது வேர்வை. வேர்வை என்பது உப்புத் தண்ணீர். அதை எந்த மேட் ப்ரைமரும் நிறுத்தாது. ஃபேன் காற்று வேண்டும். மெல்லிய டிஷ்யூவை வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஹோமப் புகையில் ஒன்றரை மணி நேரம் உட்காரப்போகிற பெண்ணுக்கு, பக்கத்தில் டிஷ்யூவோடு நிற்கும் ஒரு தங்கச்சி, விலை உயர்ந்த ப்ரைமரை விட உதவுவாள்.

இனி உண்மையிலேயே எண்ணெய் சுரக்கும் முகத்துக்கு வருவோம். எண்ணெய் ஒரு விஷயம், ஈரம் வேறொரு விஷயம். எண்ணெய் தோலுக்குள் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருகிறது, ஹார்மோன்கள் சொல்கிறபடி. ஈரம் என்பது தோலின் மேல்படலம் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். மேலே எண்ணெய் மினுமினுக்க, அடியில் தோல் தாகத்தில் காய்ந்து கிடக்கலாம். இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்தே இருக்கும். நம்ம ஊரில் நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? முகம் கழுவிய ஐந்து நிமிடத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் மதியத்துக்குள் நெற்றியும் மூக்கும் மின்னுகின்றன என்றால் உங்கள் தோல் தாகத்தில் இருக்கிறது. கன்னத்தை விரலால் லேசாக மேலே தள்ளிப் பாருங்கள். பொடிப்பொடியாகச் சுருக்கக் கோடுகள் விழுந்தால் அதுவும் ஓர் அறிகுறி.

இந்தத் தோலில் மாய்ஸ்சரைசர் இல்லாமல் மேட் ப்ரைமரை அப்பினால் என்ன ஆகும்? மேட் ப்ரைமரில் இருக்கும் சிலிக்கா, களிமண் வகையறாக்கள் உறிஞ்சுவதற்கென்றே சேர்க்கப்பட்டவை. ஏற்கெனவே காய்ந்த இடம் இன்னும் இறுகும், செதில் எழும்பும், ஃபவுண்டேஷன் அதில் திட்டுத்திட்டாக ஒட்டும். மேலே சுரக்கிற எண்ணெய் அந்தத் திட்டுகளைப் பிரித்துவிடும். எண்ணெய் முகத்துக்காரர்களே, உங்களுக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும். எண்ணெய் சேர்க்காத, ஜெல் மாதிரி லேசான ஒன்று போதும். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பழக்கங்களும் இந்தத் தாகத்தை வளர்க்கின்றன. எண்ணெய் வழிகிறதே என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். எத்தனை தடவை கழுவினாலும் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளாது. பல வீடுகளில் போர் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, அந்தப் படிவு முகத்திலேயே தங்கிவிடுகிறது.

அப்புறம் நலங்கு மஞ்சள். நலங்கு வைப்பது நல்ல விஷயம், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் மறுநாள் மேக்கப்புக்காக அந்த மஞ்சளைப் போக்க, முகத்தைச் சோப்பும் கடலை மாவும் போட்டுத் தேய் தேயென்று தேய்க்கிறார்கள். மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். சோப்பின் காரத் தன்மைதான் காரணம், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் சிவப்பது போல. தோலோ லேசான அமிலத் தன்மை கொண்டது. தினம் அந்தக் காரத்தைத் தேய்த்தால் தோல் காயாமல் என்ன செய்யும்? மஞ்சளின் நிறம் எண்ணெயில்தான் கரையும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக எடுத்துவிட்டு, மென்மையான ஃபேஸ் வாஷில் கழுவுங்கள். பரு வரும் முகம் என்றால் தேங்காய் எண்ணெய்க்குப் பதில், அழுக்கையும் மேக்கப்பையும் கரைத்து எடுக்கும் க்ளென்சிங் பாம் (balm).

சரி, உங்கள் சருமம் எது? மென்மையான ஃபேஸ் வாஷில் கழுவி, ஒன்றும் பூசாமல், வெயிலுக்கும் அடுப்படிக்கும் போகாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம், தாடையில் தனித்தனியாக ஒற்றுங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் படிந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலவை. எங்கேயும் இல்லாமல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். ஏசி அறையில் ஒரு நாள், வீட்டில் ஒரு நாள் செய்து பாருங்கள். மார்கழியில் பார்த்ததை வைத்துக்கொண்டு வைகாசியில் வாங்காதீர்கள்.

எண்ணெய்ச் சருமத்துக்கு மேட் ப்ரைமர் நல்லதுதான், ஆனால் பட்டாணி அளவு, அதுவும் மின்னும் இடத்தில் மட்டும். கலவைச் சருமத்துக்கு ஒரே ப்ரைமரை முகம் முழுக்க இழுக்க வேண்டியதில்லை. நெற்றி, மூக்குக்கு மேட், கன்னத்துக்கு ஈரம் தருவது என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். வறண்ட சருமத்துக்கு, ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிளிசரின், ஹயலூரானிக் ஆசிட் உள்ள ப்ரைமர். இன்னொன்று, மினுமினுப்புத் தரும் ப்ரைமரை எண்ணெய் முகத்தில் போட்டு மேடை விளக்கில் நின்றால், ஃபோட்டோவில் வேர்த்து வழிவது போலத்தான் தெரியும்.

ப்ரைமரும் ஃபவுண்டேஷனும் ஒத்துப்போக வேண்டும், இதை யாரும் பார்ப்பதே இல்லை. பெட்டியைத் திருப்பி, பொருட்களின் பட்டியலில் முதல் நாலைந்து பெயர்களைப் படியுங்கள். டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் என்று 'கோன்', 'சிலோக்சேன்' என முடிகிறவை சிலிகோன். ப்ரைமரில் அவை முன்னால் நின்றால் ஃபவுண்டேஷனும் சிலிகோன் வகையாக இருப்பது நல்லது. கெட்டியான சிலிகோன் ப்ரைமர் மேல் தண்ணீர் வகை ஃபவுண்டேஷன் வழுக்கும், பிரியும். மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், ப்ரைமர் ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில நிமிடங்கள் விடுங்கள். தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். அவசரத்தில் ஒன்றன் மேல் ஒன்று தேய்த்தால்தான் அந்த அழிரப்பர் தூள் வரும்.

ப்ரைமர் தோல் துவாரங்களை மூடாது. துவாரத்தில் தசை கிடையாது, கதவு போலத் திறந்து மூட. குழியை நிரப்பிக் கண்ணுக்குச் சமமாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். இரவு கழுவி எடுத்துவிட வேண்டும். ப்ரைமரில் வெயில் காப்பின் அளவாக எஸ்.பி.எஃப். 30 என்று போட்டிருந்தாலும் அதை நம்பி வெயிலில் போகாதீர்கள். அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. பட்டாணி அளவு ப்ரைமரில் அது எங்கே வரும்? சன்ஸ்க்ரீன் தனியாகப் போடுங்கள். ஆனால் இரவு ரிசப்ஷனுக்கு வெண்மை விடும் சன்ஸ்க்ரீனும் சிலிக்கா நிறைந்த பவுடரும் வேண்டாம். ஃபிளாஷ் அடித்ததும் முகம் சாம்பல் பூசினாற்போல் ஆல்பத்தில் வந்துவிடும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். சில பெண்கள் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்துவிடும். கன்னம் சிவந்து, நூல் நூலாக ரத்தக் குழாய் தெரியும், பொடிப் பருக்கள் இருக்கும். எந்த ப்ரைமர் தொட்டாலும் "எரியுதுக்கா" என்பார்கள். மெல்லக் கேட்டால், மருந்துக்கடையில் யாரோ சொல்லி வாங்கிய ஒரு வெளுப்பு டியூப் வெளியே வரும். கல்யாணத்துக்குள் கலர் வர வேண்டுமாம். திருப்பிப் பார்த்தால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு எழுதி, அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து அது. மாதக் கணக்கில் முகத்தில் தேய்த்தால் தோல் மெலிந்துபோகும். இந்த முகத்துக்குச் 'சென்சிட்டிவ் ஸ்கின் ப்ரைமர்' தேடி அலையாதீர்கள். டியூப்பை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் இன்னும் பொங்கும், அதனால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள். காசு பிரச்சினை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. மாநிறம், கறுப்பு என்று உங்களை யாராவது குறை சொல்லியிருந்தால் குறை அவர்களிடம்தான். உங்கள் நிறத்தில் உங்களை அழகாகக் காட்டத் தெரியாதவர் மேக்கப் போடவே வரக் கூடாது.

வாங்கும்போது தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். கடையில் எல்லோரும் விரல் விட்ட டெஸ்டரை முகத்தில் தொடாதீர்கள். வாங்கியதைக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கத்திலோ ஒரு வாரம் பூசிப் பாருங்கள். முந்தின நாள் ராத்திரி ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலக்கா" என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அலர்ஜி இரண்டு, மூன்று நாள் கழித்துக்கூடக் கிளம்பும்.

ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ப்ரைமரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றிலிருந்து சோப்பை நிறுத்துங்கள், காலையும் இரவும் மாய்ஸ்சரைசர் போடுங்கள். கல்யாணத்துக்கு முன் மேக்கப் போட்டுப் பார்க்கும் டிரையலுக்கு வரும்போது முகத்தில் எதுவும் பூசாமல், வீட்டில் பூசுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அம்மாவிடம் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கும் டியூப் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். திட்ட மாட்டேன்.